காகித எந்திரத்துக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்த டூரிங்

கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் 1881-ம் ஆண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஈதல் சாரா ஸ்டோனி. குழந்தையின் தகப்பனார் சென்னை ரெயில்வேயில் பெரிய என்ஜினீயர். பாலங்கள் கட்டியவர். சத்தம் போடாமல் ஓடும் பங்கா சக்கரம் ஒன்றையும் கண்டுபிடித்தவர்.

அந்தப் பெண் வளர்ந்து, சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த ஜூலியஸ் டூரிங்கை 1907-ல் மணந்தார். இந்தத் தம்பதிகளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் ஜான், 1908-ல் குன்னூரில் பிறந்தார். இளையவர் லண்டனில் 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந்தேதி பிறந்தார்.

இளையவரின் பெயர் ஆலன் டூரிங். இன்று மேஜை மேலும் சட்டைப் பைக்குள்ளும் இருக்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் மூல எண்ணத்தைக் கொடுத்த கணித மேதை இவர்தான். இட்லரின் ரகசிய எழுத்தை உடைத்து, லட்சக்கணக்கான மக்கள் பட்டினி கிடக்காமல் காத்தவர்களில் ஒருவரும் இவர்தான்.

பிள்ளைகள் ஒரு நாடு, பெற்றோர் ஒரு நாடு

அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் பிள்ளைகளை இந்தியாவில் வளர்க்கப் பயப்படுவார்கள். வெயிலும் காய்ச்சலும் ஆகாது என்று நினைப்பு. ஆலனுக்கு ஒரு வயது முடிந்த சமயத்தில், 1913-ல், தகப்பனாரும் தாயாரும் சென்னை மாகாணத்துக்குத் திரும்பி விட்டார்கள். குழந்தைகள் இங்கிலாந்தில் ஒரு கர்னல் வீட்டில், காசு கொடுத்து விடப்பட்டார்கள்.

முதல் உலக யுத்தம் வந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலில் பிரயாணக் கப்பல்களையும் விட்டு வைக்கவில்லை. விடுமுறையில் வந்த தாயார், மறுபடி கப்பல் ஏறுவது ஆபத்து என்று 1916-ல் பிள்ளைகளோடு தங்கி விட்டார். தகப்பனார் மட்டும் இந்தியாவுக்குப் போனார். நீர்மூழ்கிக் கப்பலால்தான் ஆலனுக்கு அம்மா கிடைத்தார் என்றுகூடச் சொல்லலாம். அதே நீர்மூழ்கிக் கப்பல்களோடு அவர் பிற்காலத்தில் மோத வேண்டியிருந்தது.

சிறு வயதிலேயே ஆலனுக்கு எண்கள் மீது பைத்தியம். கையெழுத்தோ படுமோசம். மை கொட்டாத நோட்டுப் புத்தகம் கிடையாது. 1926-ல் ஷெர்போர்ன் என்ற ஊரில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரெயில் ஓடவில்லை. 13 வயதுப் பையன் சவுதாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கி, ஒரு சைக்கிளில் ஏறி, சுமார் 60 மைல் மிதித்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தான். நடுவில் ஓர் இரவு மட்டும் ஓட்டலில் தங்கினான். உள்ளூர்ப் பத்திரிகையில் இது செய்தியாக வந்தது.

பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே உயிர் நண்பன் கிறிஸ்டபர் மார்கம். இரண்டு பேரும் நட்சத்திரங்களையும் ரசாயனத்தையும் பற்றியே பேசிக் கொண்டிருப்பார்கள். 1930 பிப்ரவரியில் மார்கம் காசநோயால் இறந்து போனான். அந்தத் துக்கம் ஆலனை விட்டுக் கடைசி வரை போகவில்லை. மனிதனின் மனம் என்பது என்ன, உடம்பு போன பிறகு அது எங்கே போகிறது என்ற கேள்வி அப்போதே அவருக்குள் புகுந்து விட்டது. எந்திரம் சிந்திக்குமா என்று பிற்பாடு அவர் கேட்டதற்கும் இந்தத் துக்கத்துக்கும் தூரம் அதிகம் இல்லை.

புல்தரையில் பிறந்த எந்திரம்

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கணிதம் படித்தார். 22 வயதிலேயே கிங்ஸ் கல்லூரியில் உறுப்பினர் பதவி கிடைத்தது. 1935 கோடைக்காலத்தில் ஊருக்கு வெளியே புல்தரையில் படுத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

கட்டம் கட்டமாகப் பிரித்த நீளமான நாடா ஒன்று. ஒரு சமயத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கும் எந்திரம். அது கட்டத்தில் உள்ள குறியைப் படிக்கும். தேவைப்பட்டால் அழித்து வேறு குறி எழுதும். ஒரு கட்டம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் மனிதன் விதிப்படி செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் இந்த எளிய எந்திரம் செய்து விடும் என்று டூரிங் வாதிட்டார். அதுமட்டுமல்ல, எந்த எந்திரத்தாலும் செய்ய முடியாத கணக்குகள் உண்டு என்பதையும் காட்டினார். 1936-ல் வெளியிட்டபோது அவருக்கு 24 வயது.

அந்த எந்திரத்தை யாரும் இரும்பில் செய்யவில்லை. காகிதத்தில்தான் இருந்தது. காகிதத்தில் எந்திரம் செய்வது டூரிங்குக்குக் கைவந்த வித்தை. பின்னால் சதுரங்கத்திலும் அதையே செய்தார்.

ரகசிய மாளிகை

1939 செப்டம்பரில் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. பிரிட்டன் யுத்தம் அறிவித்த மறுநாள், 4-ந்தேதி, டூரிங் லண்டனுக்கு வடக்கே சுமார் 50 மைலில் உள்ள பிளெட்ச்லி பார்க் என்ற மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தார். பகைவரின் ரகசியச் செய்திகளைப் படிக்கும் இடம் அது.

அங்கே வந்து சேர்ந்தவர்களில் சதுரங்க வீரர்கள் உண்டு. அலெக்சாண்டர், மில்னர் பாரி, கோலம்பெக் ஆகிய மூவரும் யுத்தம் மூண்ட சமயத்தில் தென் அமெரிக்காவில் போனஸ் அயர்ஸ் நகரில் இங்கிலாந்துக்காகச் சதுரங்க ஒலிம்பியாட் ஆடிக் கொண்டிருந்தார்கள். ஆட்டத்தைப் பாதியில் விட்டுக் கப்பல் ஏறி வந்தவர்கள்.

டூரிங்கும் சதுரங்கம் ஆடுவார். ஆனால் சுமாராகத்தான்! கோலம்பெக் தன் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடினாலும் ஜெயித்து விடுவாராம். டூரிங் தோல்வியை ஒப்புக்கொண்டதும், பலகையைத் திருப்பி வைத்து, அதே தோற்ற காய்களைக் கொண்டு அவரை மறுபடி தோற்கடிப்பாராம். ஆடத் தெரியாத மனிதர்தான் எந்திரத்தை எப்படி ஆட வைப்பது என்று யோசித்தார்.

ஜெர்மானியர்கள் எனிக்மா என்ற எந்திரத்தில் செய்திகளை மாற்றி எழுதி வானொலியில் அனுப்பினார்கள். தட்டச்சு எந்திரம் போல இருக்கும். உள்ளே சக்கரங்கள் சுற்றும். ஒவ்வோர் எழுத்துக்கும் வேறு எழுத்து விளக்கு எரியும். சக்கரங்களையும் கம்பிகளையும் மாற்றி மாற்றி வைக்க எத்தனை வழி தெரியுமா? ராணுவ எனிக்மாவில் சுமார் 159 என்று எழுதி அதன் பின்னால் 18 பூஜ்யம் போட வேண்டும். இத்தனை வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க யாராலும் முடியாது. ஆகவே இந்த எந்திரத்தை யாரும் உடைக்க முடியாது என்று ஜெர்மானியர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

எண் பெரிதாக இருந்ததே தவிர, எந்திரத்தில் ஓர் ஓட்டை இருந்தது. எனிக்மாவில் எந்த எழுத்தும் தன்னையே தனக்கு மாற்றாகத் தராது. அ என்று அடித்தால் எது வேண்டுமானாலும் வரும், அ மட்டும் வராது. இந்தச் சின்ன ஓட்டை போதுமானதாக இருந்தது. செய்தியில் இன்ன வார்த்தை இருக்கலாம் என்று ஊகித்து, அது எங்கே பொருந்தாது என்று தள்ளித் தள்ளி, கோடிக்கணக்கான வழிகளைக் கழித்து விடலாம்.

போலந்து நாட்டுக் கணித வல்லுநர்கள் இந்த வேலையை டூரிங்குக்கு முன்பே தொடங்கி, யுத்தத்துக்குச் சற்று முன் தங்கள் ரகசியத்தை இங்கிலாந்திடம் ஒப்படைத்திருந்தார்கள். அந்தப் பெருமை அவர்களுக்குத்தான். அதன் மேல் டூரிங் பாம்பே என்ற பெரிய எந்திரத்தைத் திட்டமிட்டார். முதல் எந்திரம் 1940-ல் வந்தது. கார்டன் வெல்ச்மன் என்பவர் அதைத் திருத்தி இன்னும் வேகமாக்கினார். யுத்தம் முடிவதற்குள் 200-க்கு மேற்பட்ட எந்திரங்கள் செய்யப்பட்டன.

ஒரே மாதிரி விழும் ஓட்டைகள்

கடற்படை எனிக்மாதான் எல்லாவற்றிலும் கடினம். இங்கிலாந்து ஒரு தீவு. சாப்பாடும் பெட்ரோலும் கப்பலில்தான் வர வேண்டும். அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் கூட்டமாகக் காத்திருந்து அந்தக் கப்பல்களை மூழ்கடித்தன. கடற்படைச் செய்தியை யாரும் கையில் எடுக்காததால், தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று டூரிங் அதை எடுத்துக் கொண்டார்.

அவர் கண்டுபிடித்த முறையைக் கவனியுங்கள். இரண்டு ரகசியச் செய்திகளை நீளத் தாள்களில் ஓட்டைகளாகக் குத்துவார்கள். ஒரு தாளின் மேல் மற்றொன்றை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். இரண்டு தாளிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்து இருந்தால், ஓட்டையும் ஓட்டையும் சேர்ந்து வெளிச்சம் தெரியும்.

வெறும் தற்செயலாக எழுத்துக்கள் சேருவது என்றால் 26-க்கு ஒரு தடவை சேரும். இரண்டு செய்திகளும் எந்திரத்தின் ஒரே நிலையிலிருந்து அனுப்பப்பட்டவை என்றால் சுமார் 17-க்கு ஒரு தடவை சேரும். ஆகவே வெளிச்சப் புள்ளிகளை எண்ணினால், இது தற்செயலா அல்லது உண்மையான சம்பந்தமா என்று சொல்லி விடலாம். எத்தனை புள்ளி சேர்ந்தால் எவ்வளவு நம்பலாம் என்பதை அளக்க டூரிங் ஒரு புது அளவையே ஏற்படுத்தினார்.

இரண்டு வெவ்வேறு பொருள்கள் தற்செயலாக ஒன்று போல் தெரிவதற்கு எவ்வளவு வாய்ப்பு? இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். சதுரங்க எந்திரத்தின் கதையில் இது மறுபடி வரும்.

1941-ல் ஜெர்மன் கப்பல்களிலிருந்து சில ரகசியப் புத்தகங்கள் பிடிபட்டன. அவற்றோடு டூரிங்கின் முறையும் சேர்ந்தது. நீர்மூழ்கிக் கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று தெரிய ஆரம்பித்தது. சரக்குக் கப்பல்கள் வழி மாறிப் போயின. ஆள் போதவில்லை என்று 1941 அக்டோபரில் டூரிங்கும் மூன்று பேரும், அதிகாரிகளைத் தாண்டி, நேரே பிரதம மந்திரி சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினார்கள். கேட்டதையெல்லாம் உடனே கொடுக்கும்படி சர்ச்சில் உத்தரவு போட்டார்.

இவ்வளவு பெரிய மூளைக்காரர் அன்றாட வாழ்க்கையில் வேடிக்கையான மனிதர். மகரந்தத் தூசி ஒவ்வாது என்று விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். தேநீர்க் கோப்பையை யாரும் எடுத்துப் போகாமல் சங்கிலியால் கட்டிப் பூட்டி வைப்பார். அவருடைய சைக்கிளில் இத்தனை சுற்றுக்கு ஒரு தடவை சங்கிலி கழன்று விடும். கடைக்காரரிடம் கொடுக்காமல், சுற்றை எண்ணிக்கொண்டே போய், கழலுவதற்குச் சற்று முன் இறங்கிச் சரி செய்வார். கடைசியில் பார்த்தால், வளைந்த ஆரக்கால் ஒன்றும் பழுதான சங்கிலிக் கண்ணி ஒன்றும் சந்திக்கிற போதுதான் அது கழன்றிருக்கிறது! ஜெர்மானியர் வந்து விட்டால் உதவும் என்று வெள்ளிக்கட்டிகள் வாங்கிக் காட்டில் புதைத்தார். இடத்தைச் சங்கேத எழுத்தில் குறித்து வைத்தார். யுத்தம் முடிந்து தேடினால் வெள்ளி கிடைக்கவே இல்லை.

காகிதம் ஆடிய சதுரங்கம்

யுத்த காலத்திலேயே, ஓய்வு நேரத்தில், ஜாக் குட், டொனால்ட் மிச்சி என்ற இளம் தோழர்களோடு எந்திரம் சதுரங்கம் ஆடுவதைப் பற்றி டூரிங் பேசுவார். யுத்தம் முடிந்தபின் மின்சார மூளை ஒன்றுக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தார். இடையில் நீண்ட தூர ஓட்டக்காரராகவும் பெயர் எடுத்தார். 1947-ல் மாரத்தானை 2 மணி 46 நிமிடத்தில் ஓடினார். 1948-ல் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

அதே 1948-ல் சேம்பர்நவுன் என்ற நண்பரோடு சேர்ந்து சதுரங்க விதிமுறை ஒன்றை எழுதினார். சிப்பாய்க்கு மதிப்பு 1. குதிரைக்கு 3. மந்திரிக்கு மூன்றரை. யானைக்கு 5. ராணிக்கு 10. நான் இந்தக் காயை நகர்த்தினால் எதிரி என்ன செய்வான், அதன் பிறகு வெட்டுக்குத்து முடிந்து நிற்கும்போது யாரிடம் எவ்வளவு மதிப்பு மிஞ்சும் என்று கணக்கிட வேண்டும். எது லாபமோ அதை ஆட வேண்டும்.

விதிமுறை தயார். ஆனால் அதை ஓட்ட எந்திரம் இல்லை. டூரிங்கே எந்திரமானார். 1952-ல் ஆலிக் கிளென்னி என்ற இளைஞர் எதிரே உட்கார, டூரிங் தாளைப் பார்த்து, சொந்த மூளையைக் கொஞ்சமும் கலக்காமல், விதி சொல்லுகிறபடியே காய் நகர்த்தினார். ஒரு காய் நகர்த்த அரை மணி நேரம் கணக்குப் போட வேண்டியிருந்தது. 29-வது நகர்த்தலில் காகித எந்திரம் தோற்றது. ராணி மாட்டிக் கொண்டது!

எந்திரத்துக்கு ஞாபக சக்தி

டூரிங்கின் காகித எந்திரத்துக்கு ஒரு பெரிய குறை. அதற்கு ஞாபகம் கிடையாது. ஒரே நிலையை ஆயிரம் தடவை பார்த்தாலும் ஆயிரம் தடவையும் முதலிலிருந்து கணக்குப் போடும்.

சதுரங்கத்தில் ஒரே நிலை பல வழியில் வரும். முதலில் குதிரை, பிறகு சிப்பாய் நகர்த்தினாலும், முதலில் சிப்பாய், பிறகு குதிரை நகர்த்தினாலும் பலகை ஒன்றுதான். ஆட்டம் தொடங்கி மூன்று நகர்த்தல் ஆகும்போது 8,902 வழிகள் உண்டு. ஆனால் பலகையில் தெரியும் வெவ்வேறு நிலைகள் 5,362 மட்டுமே. போகப் போக இந்த வித்தியாசம் மலை போல் வளரும். பார்த்த நிலைகளை நினைவில் வைத்துக் கொண்டால் எவ்வளவு மிச்சம்!

இதை 1967-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கழகத்தில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் எழுதிய சதுரங்கப் புரோகிராம் செய்து காட்டியது. 1970-ல் ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் என்பவர் அதற்கு அழகான முறை ஒன்றை எழுதினார். அதைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள்.

பலகையை முழுதும் எழுதி வைத்தால் இடம் பிடிக்கும். ஒப்பிட நேரம் ஆகும். ஆகவே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு முத்திரை எண் கொடுத்து விடுவார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் ஹாஷ் என்பார்கள். சலவைக்காரர் துணி மூலையில் போடும் குறி மாதிரி! இன்னார் வீட்டு வேட்டி என்று முழு விலாசம் எழுதுவதில்லை. இரண்டு புள்ளி, ஒரு கோடு. அவ்வளவுதான்.

வெள்ளைக்கு 6 வகை, கருப்புக்கு 6 வகை, ஆக 12 வகைக் காய்கள். கட்டங்கள் 64. பெருக்கினால் 768. இந்த 768-க்கும் குருட்டாம்போக்கில் ஒவ்வொரு பெரிய எண் கொடுத்து விடுவார்கள். பலகையில் இருக்கிற காய்களின் எண்களையெல்லாம் ஒரு விசேஷ முறையில் கலந்தால் முத்திரை எண் வரும். இந்தக் கலவையில் ஒரு சௌகரியம்: ஒரே எண்ணை இரண்டாம் தடவை கலந்தால் அது விலகிப் போய்விடும். ஆகவே குதிரை நகர்ந்தால் பழைய கட்டத்து எண்ணை மறுபடி கலந்து விலக்கு, புதுக் கட்டத்து எண்ணைச் சேர். மற்றக் காய்களைத் தொடவே வேண்டாம்.

எனிக்மாவிலும் இதே குணம் இருந்தது. செய்தியை எந்த நிலையில் வைத்து மறைத்தார்களோ, அதே நிலையில் மறுபடி தட்டினால் மூலச் செய்தி வந்து விடும்.

வேட்டி மாறினால்?

சலவைக் குறியில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு வீட்டுக்கு ஒரே குறி விழுந்து விட்டால்? உங்கள் வேட்டி அடுத்த தெருவுக்குப் போய் விடும். சதுரங்கத்திலும் இதே ஆபத்துத்தான். இரண்டு வெவ்வேறு நிலைக்கு ஒரே முத்திரை எண் விழுந்தால், ஜெயிக்கிற ஆட்டத்தைத் தோற்கிற ஆட்டம் என்று எந்திரம் நினைத்துவிடும்.

இந்த மோதல் எவ்வளவு எளிதில் நடக்கும் என்பது ஆச்சரியமானது. மொத்தம் 100 குறிகள் இருக்கின்றன, வீடு வீடாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடுத்துப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13 வீடு வந்ததுமே, ஏதோ இரண்டு வீட்டுக்கு ஒரே குறி விழ பாதிக்கு மேல் வாய்ப்பு! ஒரு வகுப்பில் 23 பிள்ளைகள் இருந்தால், யாரோ இரண்டு பேருக்குப் பிறந்த நாள் ஒன்றாக இருக்க பாதிக்கு மேல் வாய்ப்பு என்பதும் இதே கணக்கு.

கம்ப்யூட்டர் எண்களை 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் எழுதுகிறது. ஒவ்வோர் இலக்கமும் ஒரு பிட். முத்திரைக்கு 16 பிட் கொடுத்தால் 65,536 எண்கள் கிடைக்கும். சுமார் 300 நிலைகளிலேயே மோதலுக்குப் பாதி வாய்ப்பு. 32 பிட் கொடுத்தால் 429 கோடி எண்கள். ஏராளம் என்று தோன்றும். ஆனால் 77 ஆயிரம் நிலைகளிலேயே பாதி வாய்ப்பு வந்து விடும். 64 பிட் கொடுத்தால்? 20 இலக்கம் உள்ள எண். அங்கே பாதி வாய்ப்பு வர 500 கோடிக்கு மேல் நிலைகள் சேர வேண்டும்.

இதில் இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊரில் ஏதோ இரண்டு வீட்டுக் குறி ஒன்றாக இருக்குமா என்பது ஒரு கேள்வி. இன்றைக்கு என் வேட்டி மாறுமா என்பது வேறு கேள்வி. எந்திரத்துக்குக் கவலை இரண்டாவதுதான்.

நினைவில் 10 லட்சம் அறைகள் என்று வைத்துக்கொள்வோம். எந்த அறை என்று காட்டவே முத்திரையில் 20 பிட் செலவாகி விடும். 32 பிட் முத்திரையில் மிச்சம் 12. அறைகள் எல்லாம் நிரம்பியிருந்து, தேடுகிற நிலை அங்கே இல்லாதபோது, 4,096 தடவைக்கு ஒரு தடவை தவறான ஆளைச் சரியான ஆள் என்று எந்திரம் நம்பி விடும். வினாடிக்கு 10 லட்சம் தடவை தேடினால், வினாடிக்கு 244 தவறு! 64 பிட் முத்திரையில் மிச்சம் 44. அதே வேகத்தில் தேடினாலும், சராசரியாக 200 நாளுக்கு ஒரு தவறுதான் வரும்.

சரி, பிட்டைக் கூட்டிக்கொண்டே போனால் போதுமா? போதாது. எனிக்மாவின் கதையே இதற்குச் சாட்சி. அதன் எண் 64 பிட் எண்ணை விட எட்டு மடங்கு பெரியது. ஆனாலும் உடைந்தது. அதே போல், 768 எண்களும் உண்மையில் குருட்டாம்போக்கில் அமையாமல் ஏதோ ஒழுங்கில் அமைந்து விட்டால், ஒரு ஜோடிக் காய்களின் கலவை இன்னொரு ஜோடியின் கலவைக்குச் சமமாகி விடலாம். பிறகு அந்த ஜோடிகள் வருகிற இடத்திலெல்லாம் மோதல்தான். யார் முறை, ராஜா கோட்டை கட்ட இன்னும் உரிமை இருக்கிறதா என்பதையும் முத்திரையில் சேர்க்க வேண்டும். மறந்தால் அது தற்செயல் தவறு அல்ல; நாமே இழைத்த தவறு.

இன்னொரு தற்காப்பும் உண்டு. நினைவிலிருந்து வரும் நகர்த்தல் இந்தப் பலகையில் விதிப்படி செல்லுமா என்று எந்திரம் பார்த்துக்கொள்ளும். குதிரையே இல்லாத கட்டத்திலிருந்து குதிரையை எடு என்றால், வேட்டி மாறி விட்டது என்று புரிந்து விடும்.

2005-ல் ராபர்ட் ஹயாட், ஆண்டனி கோசி என்ற இருவர் வேண்டுமென்றே தவறுகளைப் புகுத்திச் சோதித்தார்கள். அவ்வப்போது தவறு நுழைந்தாலும், எந்திரம் கடைசியில் ஆடும் நகர்த்தல் அநேகமாக மாறவில்லை. லட்சக்கணக்கான கிளைகளில் ஒன்று பொய் சொன்னால் மற்றவை அதை அமுக்கி விடுகின்றன. நீதிமன்றத்தில் ஆயிரம் சாட்சிகளுக்கு நடுவில் ஒரு பொய்ச் சாட்சி மாதிரி.

போலீசுக்குப் போனவர் கைதியானார்

ஆனால் ஒரே சாட்சியில் ஒரு மனிதனின் வாழ்க்கை முடிவதும் உண்டு. டூரிங்குக்கு நேர்ந்தது அதுதான். அதுவும் அவருடைய சொந்த வாக்குமூலம்!

1952 ஜனவரியில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே போலீசில் புகார் கொடுத்தார். விசாரணையில், திருட்டுக்குத் துப்புக் கொடுத்த இளைஞனோடு அவருக்கு உறவு இருந்தது வெளியே வந்தது. ஆணும் ஆணும் உறவு கொள்வது அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி குற்றம். டூரிங் எதையும் மறைக்கவில்லை. யுத்த காலத்தில் ஜோன் கிளார்க் என்ற கணித நிபுணியோடு கல்யாணம் நிச்சயமானபோதும், தன் இயல்பை அவரிடம் சொல்லி, பிறகு தானே விலகிக் கொண்டவர் அவர்.

மார்ச் 31-ந்தேதி வழக்கு. சிறையா, மருந்தா என்று கேட்கப்பட்டது. மருந்தை ஏற்றுக்கொண்டார். பெண்களுக்குரிய ஹார்மோன் ஓராண்டு செலுத்தப்பட்டது. அவர் உடம்பு மாறியது. சர்க்காரின் ரகசிய வேலைக் கதவும் மூடிக்கொண்டது. நாட்டுக்கு அவர் செய்தது என்ன என்று நீதிமன்றத்தில் சொல்ல வழி இல்லை. எல்லாம் ராணுவ ரகசியம்!

1954-ம் ஆண்டு ஜூன் 7-ந்தேதி டூரிங் வீட்டில் இறந்தார். மறுநாள் வேலைக்கார அம்மாள் பார்த்தார். உடம்பில் சயனைடு நஞ்சு இருந்தது. பக்கத்தில் பாதி தின்ற ஆப்பிள். அதை யாரும் பரிசோதிக்கவில்லை. தற்கொலை என்று தீர்ப்பாயிற்று. ரசாயனச் சோதனை செய்யும்போது கவனக்குறைவாக நஞ்சு உள்ளே போயிருக்கும் என்று தாயார் கடைசி வரை நம்பினார். போத்தனூரில் பிறந்த அந்தத் தாயார், 1959-ல் மகனின் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். மகனுக்கு இன்னும் 42 வயது நிரம்பவில்லை.

காலம் கடந்து

பிளெட்ச்லி பார்க் ரகசியம் 1970-க்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. டூரிங் தண்டிக்கப்பட்ட சட்டம் இங்கிலாந்தில் 1967-ல் தளர்த்தப்பட்டது. 2009-ல் பிரதம மந்திரி கார்டன் பிரவுன், சர்க்கார் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013 டிசம்பரில் எலிசபெத் ராணி அரச மன்னிப்பு வழங்கினார். அவரைப்போலவே தண்டிக்கப்பட்ட பல்லாயிரம் பேருக்கு மன்னிப்பு வர 2017 ஆயிற்று.

சதுரங்க எந்திரமோ வளர்ந்துகொண்டே போயிற்று. வினாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் டீப் புளூ, 1997-ல் உலக வீரர் காஸ்பரோவைத் தோற்கடித்தது. அதே காஸ்பரோவ், டூரிங் பிறந்த நூற்றாண்டில், 2012 ஜூனில், மான்செஸ்டருக்கு வந்தார். டூரிங்கின் பழைய காகித விதிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எதிரே வைத்தார்கள். காஸ்பரோவ் 16 நகர்த்தலில் ஜெயித்தார்.

2021-ல் டூரிங்கின் பிறந்த நாளன்று, அவர் படம் போட்ட 50 பவுன் நோட்டை இங்கிலாந்து பாங்கி வெளியிட்டது. நோட்டில் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாடா நெளிந்து ஓடுகிறது. அதில் 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் 23061912 என்ற எண் எழுதியிருக்கிறது. அது அவர் பிறந்த தேதி. மொத்தம் 25 பிட்.